ஊருணியைத் தூர்வாரினால் மழை கூடுமா?

(நமது அறக்கட்டளையின் பொதுக்குழுக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

 

ஊருணி தூர்வாரும் நிதிக்கு நீங்கள் மனமுவந்து கொடுத்து வருகிறீர்கள். கொடுக்கும்போது பலரும் ஒரு கேள்வி கேட்கிறீர்கள்: "ஊருணியில் தண்ணீர் நின்றால் நம் ஊரில் மழை கூடுமா?" கூடும் என்று நோட்டீஸில் போட்டால் வசூலும் கூடும் என்று நண்பர் ஒருவர் யோசனை சொன்னார். ஆனால் நம்மிடம் வருவது அமானிதப் பணம். உள்ளதைச் சொல்லித்தான் கேட்க வேண்டும். ஆகவே மண்ணின் ஈரத்துக்கும் மழைக்கும் உள்ள உறவைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது? பானையின் நுண்துளைகளில் கசியும் நீர் ஆவியாகிறது. அதற்கு வேண்டிய வெப்பத்தைப் பானையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. அது சிறிய வெப்பமல்ல. 30 டிகிரியில் உள்ள ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் வெப்பத்தைப் போல ஏறத்தாழ 8 மடங்கு, அதை முழுவதும் ஆவியாக்கத் தேவை. நிலமும் அப்படித்தான். ஈர மண்ணில் விழும் வெயிலின் பெரும்பங்கு நீரை ஆவியாக்குவதில் செலவாகிறது. காய்ந்த மண்ணில் ஆவியாக நீர் இல்லை. வெயில் மண்ணையும் அதன் மேலுள்ள காற்றையும் சூடாக்குகிறது.

மேகம் உருவாக இரண்டு வேண்டும்: காற்றில் ஈரம், அந்தக் காற்று மேலே எழுவதற்கு ஒரு விசை. ஈர மண் முதலாவதைத் தருகிறது; காய்ந்த மண் இரண்டாவதைத் தருகிறது. சூடான காற்று மேலே எழும்; எழ எழக் குளிரும்; ஓர் உயரத்தில் அதிலுள்ள நீராவி துளிகளாகும். வானிலை அறிக்கையில் "வெப்பச்சலனம்" என்று கேட்கிறோமே, அது இந்த எழுச்சிதான். காற்றில் ஈரம் நிறைய இருந்தால் மேகம் தாழ்வாகவே கட்டும். ஈரம் குறைவென்றால் மேகம் மிக உயரத்தில் கட்டும்; விழும் துளி தரையைத் தொடுமுன் ஆவியாகிவிடவும் கூடும்.

இது நன்றாகத் தெரிவது ஆப்பிரிக்காவின் சாஹேல் பகுதியில். சஹாரா பாலைவனத்திற்குத் தெற்கே செனகல் முதல் சூடான் வரை நீளும் நிலம் அது. மக்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். மழையை நம்பிக் கம்பும் சோளமும் விதைக்கிறவர்கள். அங்கே ஒரு நாள் மழை ஒரு பட்டையாகப் பெய்துவிட்டுப் போகும். பக்கத்து நிலம் காய்ந்தே கிடக்கும். மறுநாள் வெயிலில் காய்ந்த பக்கம் சூடேறிக் காற்று மேலே எழும். அந்த இடத்தை நிரப்ப ஈரமான பக்கத்திலிருந்து குளிர்ந்த காற்று வரும். பகலில் கடற்காற்று கரைக்கு வருவது போலத்தான். இரண்டும் சேரும் இடத்தில் இடிமேகம் பிறக்கும். பிரிட்டனைச் சேர்ந்த கிறிஸ்டோபர் டெய்லரும் அவருடைய குழுவினரும் செயற்கைக்கோள் பதிவுகளைக் கொண்டு 2011-ல் இதைக் காட்டினார்கள். அடுத்த ஆண்டே உலகின் பல பகுதிகளை ஆராய்ந்து, பிற்பகல் மழை சுற்றுப்புறத்தைவிடக் காய்ந்த மண்ணின் மேல் பெய்யும் வாய்ப்பே அதிகம் என்று எழுதினார்கள்.

அப்படியானால் காய்ந்த நிலமே மழைக்கு நல்லதா? இல்லை. 2015-ல் சூரிச் நகர ஆய்வாளர்கள் இதைத் தெளிவாக்கினார்கள். ஒரு வட்டாரம் மொத்தமாக ஈரமாக இருக்கும் நாட்களில்தான் மழை வாய்ப்பு அதிகம்; அந்த வட்டாரத்துக்குள் எந்த இடம் சற்றுக் காய்ந்திருக்கிறதோ அந்த இடத்தில் அது விழுகிறது. எல்லாமே வறண்டு கிடந்தால் காற்று எழும்; ஆனால் மழையாக்க ஈரம் இருக்காது.

இதில் அளவைக் கவனியுங்கள். இவையெல்லாம் பல பத்து கிலோமீட்டர் பரப்பில் நடப்பவை. நம் ஊருணியோ சில ஏக்கர். ஐப்பசி, கார்த்திகையில் நமக்குப் பெய்யும் வடகிழக்குப் பருவமழைக்கு நீராவி வங்கக் கடலிலிருந்து வருகிறது. ஆகவே ஊருணியைத் தூர்வாரினால் மழை கூடும் என்று நாம் சொல்லக் கூடாது. நோட்டீஸிலும் போட மாட்டோம்.

பிறகு எதற்காகத் தூர்வார வேண்டும்? வருகிற மழையைப் பிடித்து வைப்பதற்காக. ஒரு ஏக்கரில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 1 லட்சம் லிட்டர் தண்ணீர். அது ஊருணிக்கு வந்து நின்றால் சுற்றியுள்ள கிணறுகள் ஊறும். பள்ளிவாசல் ஹவுலுக்கு லாரித் தண்ணீர் வாங்கும் செலவு குறையும். கரையோர மண் ஈரமாக இருக்கும்வரை மரம் நிற்கும், ஆடு மாடு குடிக்கும்.

எனவே மூன்று வேண்டுகோள்கள். ஒன்று, ஊருணிக்கு வரும் வரத்துக்காலில் கட்டட இடிபாடு கொட்டியிருப்பவர்களும் படிக்கட்டு இழுத்துக் கட்டியிருப்பவர்களும் தூர்வாரும் வேலை தொடங்குமுன் தாங்களே அகற்றித் தாருங்கள். யார் என்று இங்கே சொல்ல மாட்டேன், அவரவருக்குத் தெரியும். வரத்துக்கால் அடைபட்டிருந்தால் நாம் செலவிடும் ஒவ்வொரு ரூபாயும் வீண். இரண்டு, வீட்டு முற்றம் முழுவதையும் சிமெண்ட்டால் மூடாதீர்கள். மரத்தடியையாவது மண்ணாக விடுங்கள். மூன்று, தோட்டம் வைத்திருப்பவர்கள் உதிர்ந்த சருகையும் தென்னை மட்டையையும் கொளுத்தாமல் மரத்தடியில் மூடாக்காகப் போடுங்கள். ஈரம் சில நாட்கள் கூடுதலாக நிற்கும்.

மழை எப்போது, எங்கே பெய்யும் என்பது நம் கையில் இல்லை. பெய்த மழை ஊருணிக்கு வருமா, சாக்கடைக்குப் போகுமா என்பது நம் கையில் இருக்கிறது. அதற்காகக் கொடுங்கள். வரவு செலவுக் கணக்கு, இன்ஷா அல்லாஹ், இதே மடலில் வெளிவரும்.

வஸ்ஸலாம்.