சாவிக்கொத்து யாருடைய இடுப்பில?



ஒரு பிழையை ஒப்புக்கொண்டு தொடங்குறன். எங்கட துண்டுப்பிரசுரங்கள், மொழிபெயர்ப்புகள், இணையத்தளம், சட்ட உதவிக் குறிப்புகள் எல்லாம் 31 கிட் ரெப்போக்களில இருக்கு. எது எங்க எண்டு தெரிஞ்ச ஒரே ஆள் நான். போன வருஷம் நான் இரண்டு கிழமை காய்ச்சலாக் கிடந்தன். ஊர்வலத்தில பழைய துண்டுப்பிரசுரம் போச்சுது. அதில இருந்த வழக்கறிஞரின்ர இலக்கம் மாறிப் பல மாசம். அண்டைக்குக் கைதான தோழர் அந்த இலக்கத்துக்குத்தான் திரும்பத் திரும்ப அடிச்சிருக்கிறா. விடியும்வரை தனிய இருந்தவ. திருத்தின பிரதி என்ர மடிக்கணினியில கிடந்தது.

2019இல அமெரிக்கத் தடைகளைக் காட்டி கிட்ஹப் ஈரான், சிரியா பயனர்களின்ர கணக்குகளைக் கட்டுப்படுத்தினபோது அதிகாரக் குவிப்பு எண்டு சத்தமாக் கதைச்சவன் நான். கிட்டில ஒவ்வொரு குளோனும் வரலாறு முழுதையும் கொண்ட பிரதி. அதுக்கு மையம் தேவையில்லை. எங்களுக்குள்ள மையத்தை உண்டாக்கினது என்ர பழக்கம்தான்.

இப்ப மைரெப்போஸ் பாவிக்கிறம். ஜோயி ஹெஸ் எழுதின கட்டற்ற மென்பொருள்; கட்டளையின்ர பேர் 'எம்ஆர்'. ரெப்போவுக்குள்ள நிண்டு 'எம்ஆர் ரெஜிஸ்டர்' எண்டு அடிச்சால், அதின்ர முகவரி ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில பதியும். அந்தக் கோப்பு கையில இருந்தால், புதுக் கணினியில 'எம்ஆர் செக்அவுட்' எல்லாத்தையும் இறக்கித் தரும். 'எம்ஆர் அப்டேட்' எல்லாத்தையும் புதுப்பிக்கும். 'எம்ஆர் ஸ்டேட்டஸ்' எங்க வேலை அரைகுறையா நிக்குது எண்டு காட்டும். எனக்கு அண்டைக்குத் தேவைப்பட்டது அதுதான்.

ஒரு எச்சரிக்கை. அந்தக் கோப்பில முகவரி மட்டுமில்லை, உங்கட கணினியில ஓடக்கூடிய கட்டளைகளும் இருக்கலாம். அதால உங்கட பிரதானக் கோப்பைத் தவிர வேற கோப்புகளை எம்ஆர் தானாக நம்பாது. நம்பலாம் எண்டு நீங்கள்தான் பதியவேணும். வாசிச்சுப் பாத்துப் பதியுங்கோ. நான் தந்தாலும்தான்.

கருவி மட்டும் எங்களை மாத்தாது. பட்டியலை ஆர் திருத்துறது எண்டதை மாசம் ஒருத்தராச் சுழற்சியில வைப்பம். அடுத்த கூட்டத்துக்கு மடிக்கணினி கொண்டுவாங்கோ. கோப்பை மட்டும் வைச்சு எல்லாரும் எல்லாத்தையும் இறக்கிப் பாப்பம். நான் வாய் திறக்கமாட்டன். எங்க தடக்குப்படுதோ, அங்கதான் இன்னும் ஒரு சாவி என்ர இடுப்பில இருக்கு.