காலையில் ஒரு பஸ்!

(அப்புத்தளையில் நிகழ்த்திய உரை)



பல்கலைக்கழக மாணவர் பஸ்ஸை விட்டு மோட்டார் சைக்கிளை நாடுவது ஆடம்பர மோகத்தினால் என்று கூறுவோர் உளர். அன்னார் நமது தோட்டத்து வழிகளை ஒருநாளேனும் நடந்து பார்த்தாரல்லர்.

1893ஆம் ஆண்டில் அப்புத்தளைக்குப் புகையிரதம் வந்தது. 1924இல் பதுளையை அடைந்தது. தேயிலைப் பெட்டி கொழும்புத் துறைமுகம் சேர வேண்டுமென்று மலையைக் குடைந்து பாதை போட்டார்கள். 1958 ஜனவரி முதலாம் திகதி பஸ் சேவை அரசுடைமையாயிற்று. 2005இல் பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் எழுந்தது. ரயில் உண்டு; பஸ் உண்டு; பல்கலைக்கழகமும் உண்டு. ஆயினும், லயத்து வாசலிலிருந்து பெருந்தெரு வரையுள்ள சில மைல்களை நம் பிள்ளை கடப்பது எப்படி?

முச்சக்கர வண்டிக்கு நாள்தோறும் கூலி கொடுக்க வேண்டும். இல்லையேல் விடியுமுன் இருளில் நடக்க வேண்டும். கணக்குப் பார்க்கும் இளைஞன் தவணைக் கடனில் மோட்டார் சைக்கிள் வாங்குகின்றான். அத்தவணையோ கொழுந்து பறிக்கும் தாயின் சம்பளத்தில் கழிகின்றது. இருளில் நடக்கவும் இயலாது, வண்டி வாங்கவும் வழியில்லாது நிற்கும் நம் பெண்பிள்ளைக்கு என்ன மறுமொழி சொல்வோம்?

சொந்த வண்டிதான் நிலையான துணையா? 2022ஆம் ஆண்டை எண்ணிப் பாருங்கள். எரிபொருட் பங்கீடு தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர்! லீற்றருக்கு 45 கிலோமீற்றர் ஓடினாலும், வாரத்துக்கு 180 கிலோமீற்றர். அப்புத்தளையிலிருந்து பதுளைக்குப் போய்வர ஏறத்தாழ 80. இரண்டு நாள் போகலாம். மூன்றாம் நாள் பஸ்தான் கதி.

படித்த உத்தியோகத்தர்களே! விவசாயப் பெருமக்களே! வசதியுள்ளோர் பஸ்ஸைக் கைவிட்டால் வருமானம் குறையும். வருமானம் குறைந்தால் அவ்வழிச் சேவையே நிற்கும். அப்போது அல்லற்படுவது மாணவன் மட்டுமல்லன். மரக்கறிக் கூடையுடன் சந்தைக்குப் போகும் விவசாயியுந்தான்.

ஆகவே நாம் கேட்பது இதுவே: தோட்டப் பாதைகளைச் செப்பனிடுக! விரிவுரை நேரத்துக்கு ஏற்பக் காலையும் மாலையும் தோட்டங்களிலிருந்து அப்புத்தளைக்கு பஸ் விடுக! அது பதுளை பஸ்ஸையும் புகையிரதத்தையும் தவறாது பிடிக்கட்டும். வந்த பஸ்ஸில் ஏறி அதை வாழவைப்பது நம் கடமை.

தேயிலைப் பெட்டிக்காக மலையைக் குடைந்த நாட்டில், அத்தேயிலையைப் பறித்தோரின் பிள்ளைகளுக்காகக் காலையில் ஒரு பஸ் ஓட்ட முடியாதா?