எண்ணும் பொறியும் எண்ணும் மனமும்

(வில்லாபுரத்தில் நடைபெற்ற நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



'எண்ணுதல்' என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. கணக்கிடுதல் ஒன்று, சிந்தித்தல் மற்றொன்று. செயற்கை நுண்ணறிவு நம் கற்பனையை வளர்க்குமா, விழுங்குமா என்று கவிஞர்கள் கவலையுறும் இந்நாளில், அவ்விரு பொருளையும் தம் ஆய்வில் இணைத்துக் காட்டிய ஐராவதம் மகாதேவனை நினைவுகூர விழைகிறேன்.

நெடுஞ்செழியன் பெயரைத் தாங்கிய நம் மாங்குளம் குன்றின் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளை ஆராய்ந்தோருள் முதன்மையானவர் அவர். எவராலும் படிக்கப்படாத சிந்துவெளி எழுத்தும் அவரை ஈர்த்தது. கணிப்பொறியின் துணைகொண்டு 1977இல் அவ்வெழுத்துகளின் தொடரடைவை வெளியிட்டார். 417 குறிகள், ஒவ்வொன்றும் எங்கே வருகிறது, எதன் அருகில் வருகிறது என்பதைப் பொறி வரிசைப்படுத்தித் தந்தது. பொருள் சொல்லவில்லை. தொடரின் இறுதியில் மிகுதியாக வரும் சாடி வடிவக் குறி ஒரு விகுதியாகலாம் என்று எண்ணியவர் மகாதேவனே. அக்கருத்து இன்றும் விவாதத்திற்குரியது. 2018இல் அவர் மறைந்தார். அவ்வெழுத்தின் புதிரை விடுவிப்போருக்குத் தமிழக அரசு 2025 சனவரியில் 10 இலட்சம் டாலர் பரிசு அறிவித்தது.

இன்றைய பொறிகள் கவிதையும் எழுதுகின்றன. எந்தச் சொல்லுக்குப்பின் எந்தச் சொல் வரக்கூடும் என்பதை எண்ணற்ற வாக்கியங்களிலிருந்து கற்றே அவை எழுதுகின்றன. அதன் இடர்ப்பாட்டை நானே கண்டேன். நெய்தல் திணைக்கு எடுத்துக்காட்டுக் கேட்டபோது, பாடல் எண்ணோடு ஒரு செய்யுளைத் தந்தது ஒரு செயலி. நூலைப் புரட்டினேன், அப்படியொரு பாடலே இல்லை! அதை அப்படியே வகுப்பில் சொல்லியிருந்தால் என் மாணவியர் பிழையைப் பாடமாக எழுதியிருப்பர்.

மற்றொரு நாள், பாதியில் நின்றுபோன என் கவிதையை அதன்முன் வைத்து, "நீ எழுத வேண்டா, என்னிடம் வினாக்கள் மட்டும் கேள்" என்றேன். "இதில் பேசுபவர் யார்? தாயா, மகளா?" என்று கேட்டது. நான் அதுவரை முடிவு செய்திருக்கவில்லை. அன்றிரவு மூன்று அடிகளை நீக்கினேன். கவிதை நடக்கத் தொடங்கியது.

கவிஞர்களே, "எழுதித் தா" என்று கேட்கும்போது நம் சிந்தை சுருங்குகிறது. "என்னை வினவு" என்னும்போது விரிகிறது. வந்த விடையை மூலநூலில் சரிபார்ப்பதும், வந்த வினாவுக்கு நெஞ்சறிய விடை தேடுவதும் நம் கடமைகள். பொறி எத்தனை வேண்டுமாயினும் எண்ணட்டும். எண்ணிப் பார்க்கும் உரிமையை மட்டும் நாம் அதனிடம் ஒப்படைக்க வேண்டா.