வைக்கோலும் எருவும்
(சொற்பொழிவு)

கமக்காரப் பெருமக்களே,

அறுவடை முடிந்து சூடடித்த பின்னர், மாலை வேளையில் வயல்வெளியை நோக்கினால் அங்குமிங்கும் புகை எழுவதைக் காணலாம். நெல் வீடு சேர்ந்துவிட்டது, வைக்கோலோ தீக்கிரையாகின்றது. அடுத்த போகத்துக்கு நிலத்தை விரைவில் உழவேண்டும் என்பதே இதற்குக் கூறப்படும் காரணம். அப்புகையோடு போவது யாது என்பதை ஆராய்ச்சியாளர் நிறுத்தும் அளந்தும் கண்டுள்ளனர். அதனை எடுத்துரைப்பதே இப்பேச்சின் நோக்கமாகும்.

ஒரு தொன் வைக்கோலில் 5 முதல் 8 கிலோ வரையான நைதரசனும், ஏறக்குறைய ஒரு கிலோ பொசுபரசும், 12 முதல் 17 கிலோ வரையான பொற்றாசியமும் உள்ளன. இப்பொற்றாசியத்தைக் கடையில் வாங்குவதாயின், 50 கிலோ பொட்டாசுப் பசளை மூடையொன்றிற் பாதியேனும் வேண்டும். வைக்கோலை எரித்தால் நைதரசன் அநேகமாக முழுவதும் காற்றிற் கலந்துவிடும். பொசுபரசிற் காற்பங்கும் பொற்றாசியத்தில் ஐந்திலொரு பங்கும் இழக்கப்படும். எஞ்சுவது குவியல் இருந்த ஓரிடத்திலேயே சாம்பலாய்க் கிடக்கும். வயலின் ஏனைய பகுதிகளுக்கு அதனாற் பயனில்லை.

பயிரின் சுகத்துக்கும் இதற்கும் தொடர்புண்டு. வைக்கோலில் மிகுதியாயுள்ள சிலிக்கா, மண்ணுக்குத் திரும்பி மீண்டும் பயிரிற் சேரும்போது இலையையும் தண்டையும் உறுதிப்படுத்துகின்றது. நைதரசன் மிகுந்து, பொற்றாசியமும் சிலிக்காவும் குறைந்த பயிரையே எரிபந்த நோய் எளிதிற் பற்றுகின்றது. கபிலத் தத்தியும் யூரியா மிதமிஞ்சிய பயிரிலேயே விரைந்து பெருகும்.

இரசாயனப் பசளை இறக்குமதி 2021ஆம் ஆண்டிலே தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். தொடர்ந்த காலபோகத்தில் விளைச்சல் வீழ்ந்தது. அதனைக் கண்டு எருவினாற் பயனில்லை என்று முடிவுகட்டுதல் தவறு. எருவிலுள்ள போசணை மெல்ல மெல்லவே வெளிப்படும். ஒரே போகத்தில் அது பசளையின் இடத்தை முற்றாக நிரப்பமாட்டாது. ஆயினும் ஆண்டுதோறும் இட்டால் மண்ணின் முதலாகச் சேர்ந்துகொண்டே வரும்.

இதற்கு இங்கிலாந்திலுள்ள றொதம்ஸ்ரெட் ஆராய்ச்சி நிலையம் சான்று தருகின்றது. அங்கு பார்லி பயிரிட்ட நிலத்துண்டொன்றுக்கு 1852 முதல் 1871 வரை மட்டும் ஆண்டுதோறும் தொழுவெரு இட்டு, பின்னர் நிறுத்திவிட்டனர். நூறாண்டுகள் கழிந்த பின்னரும், எரு காணாத அயல் துண்டைவிட அத்துண்டு கூடுதலாகவே விளைந்தது. நமது நாட்டின் வெப்பத்தில் எரு விரைவாக உக்கிவிடும். ஆகவே நாம் போகந்தோறும் இடுதல் அவசியம்.

இனி, கால்நடையைக் கவனிப்போம். வறண்ட காலத்திற் புல் அற்றுப்போக, மாடுகள் வெறும் வைக்கோலைத் தின்று மெலிகின்றன. வைக்கோலிற் புரதம் மிகக் குறைவு, எளிதிற் சமிப்பதுமில்லை. இதற்கு ஆராய்ச்சியாளர் கண்ட வழி பின்வருமாறு:

100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 100 லீற்றர் நீரிற் கரைத்துக்கொள்க. வைக்கோலை அடுக்கடுக்காகப் பரப்பி, ஒவ்வோர் அடுக்கின்மீதும் கரைசலைத் தெளித்து நன்கு மிதித்து, காற்றுப் புகாவண்ணம் பொலித்தீன் விரிப்பால் மூடிவிடுக. யூரியா அமோனியாவாக மாறி வைக்கோலின் நாரை இளக்கும். பத்து நாட்களின் பின் திறந்து, அன்றன்று வேண்டியதை மட்டும் எடுத்து, காரநெடி போகும்வரை காற்றாட விட்டுக் கொடுக்கலாம். ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுகளுக்குக் கொடுத்தலாகாது. யூரியாக் கரைசலை மாடு குடித்தால் உயிராபத்து நேரும்; பாத்திரங்களை அப்பொழுதே கழுவிக் கவிழ்த்துவிடுக. இத்தீனியுடன் பச்சைப் புல்லோ கிளிரிசிடியாக் குழையோ சேர்த்துக் கொடுத்தல் நன்று.

மாடு தின்று எஞ்சிய வைக்கோலை எரியாமல் வயலிற் பரப்பி, விதைப்புக்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்னரே உழுது புதைத்துவிடுக. விதைக்கும் தறுவாயிற் புதைத்தால், உக்கும் வைக்கோல் மண்ணிலுள்ள நைதரசனைத் தான் எடுத்துக்கொள்ள, நாற்று மஞ்சளிக்கும். எரிபந்த நோய் கண்ட வயலின் வைக்கோலைக் கூட்டெருவாக்குதல் சிறந்தது. குவியலின் வெப்பம் நோய்க் கிருமிகளையும் களை விதைகளையும் அழித்துவிடும்.

மரக்கறித் தோட்டக்காரருக்கு ஒரு வார்த்தை. பச்சைச் சாணத்தைப் பாத்தியில் இடாது, உக்கிய எருவையே இடுக. எருக்குழியைக் கிணற்றுக்கு அருகில் அமைத்தலாகாது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல் நிலத்திற் பசளையும் கழிவும் நீரோடு விரைவாகக் கீழிறங்குகின்றன. அங்குள்ள பல கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருப்பதைச் சோதனைகள் காட்டியுள்ளன. அந்நீர் கைக்குழந்தைகளுக்குத் தீங்கு விளைவிக்கும்.

பெருமக்களே, வயல் மாட்டுக்குத் தீனி தருகின்றது. மாடு வயலுக்கு எருத் தருகின்றது. இவ்விரண்டுக்கும் இடையே நெருப்பை வையாதீர்கள். வருகின்ற அறுவடையில், ஒரு தறை வயலின் வைக்கோலையேனும் எரியாது காத்து, அடுத்த போகத்துப் பயிரை நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள் எனக் கேட்டுக்கொண்டு, என் பேச்சை முடித்துக்கொள்கிறேன்.