கடை வாசலும் மனச்சான்றும்



வாணிகம் செய்பவனுக்கு இரண்டு கணக்குகள் உண்டு. ஒன்று, பேரேட்டில் எழுதும் வரவு செலவுக் கணக்கு. மற்றொன்று, தன் உள்ளத்திற்குத் தானே ஒப்புவிக்கும் கணக்கு. முன்னதில் பிழை நேர்ந்தால் பொருள் போகும்; பின்னதில் பிழை நேர்ந்தால் உறக்கம் போகும். அந்த இரண்டாவது கணக்கைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

மேல்நாடுகளில் அண்மைக் காலத்தில் சில வழக்குகள் பெரிதும் பேசப்பட்டன. சமயப்பற்று மிக்க கிறிஸ்தவ வணிகர் சிலர், தன்பாலீர்ப்பு உடையவர்களுக்கு, அஃதாவது ஆணை விரும்பும் ஆணுக்கும் பெண்ணை விரும்பும் பெண்ணுக்கும், தங்க அறை கொடுக்கவோ மணவிழாவுக்குக் கேக் செய்து தரவோ மறுத்தார்கள். 'எங்கள் மனச்சான்று இடந்தரவில்லை' என்பது அவர்கள் கூறிய காரணம். 'எங்களை மனிதராக மதிக்கவில்லை' என்பது மறுக்கப்பட்டவர்களின் முறையீடு. இரண்டும் உள்ளத்தின் அடியிலிருந்து எழுந்த சொற்களே.

'இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நடந்ததற்கும் நமக்கும் என்ன தொடர்பு?' என்று நீங்கள் கேட்கலாம். செங்கற்பட்டிலும் மாமல்லபுரக் கடற்கரையிலும் வாழும் நமக்கு இது புதிய கேள்வியே அன்று. பொதுமக்களுக்கெனத் திறந்து வைத்த வாசலில் யார் அடி எடுத்து வைக்கலாம் என்ற கேள்வியோடு நம் மாவட்டம் நெடுங்காலம் போராடி வந்திருக்கிறது.

மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். பொதுச் சாலைகளிலும் கிணறுகளிலும் குளங்களிலும் பொது இடங்களிலும் தாழ்த்தப்பட்ட மக்களுக்குத் தடை கூடாது என்ற தீர்மானத்தை அவர் 1924ஆம் ஆண்டில் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்து நிறைவேறச் செய்தார். அந்நாளில் தடை போட்டவர்கள் தங்களைக் கொடியவர்களாகக் கருதிக்கொள்ளவில்லை என்பதை நீங்கள் நினைவிற் கொள்ள வேண்டும். தேநீர்க் கடையில் ஒருவருக்குப் பித்தளைக் குவளையும் மற்றொருவருக்குச் சிரட்டையும் கொடுத்தவர், 'முன்னோர் வகுத்த தருமம் இது. இதை மீறினால் எனக்குப் பாவம்' என்றே சொன்னார். அவரும் தம் மனச்சான்றையே சாட்சிக்கு அழைத்தார்.

அமெரிக்காவிலும் இவ்வாறே நடந்தது. 1964ஆம் ஆண்டுச் சட்டம் உணவு விடுதிகளில் நிறவேற்றுமையைத் தடை செய்தபோது, தென் கரோலினா மாநிலத்தில் உணவு விடுதிகள் நடத்திய ஒருவர், கறுப்பின மக்களோடு கலப்பதைத் தம் சமயம் ஏற்கவில்லை என்று வாதாடினார். 1968ஆம் ஆண்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தைப் பொருளற்றதென்று தள்ளிவிட்டது.

நம் அரசியல் சட்டத்தை ஆக்கியோர் இவற்றையெல்லாம் நன்கு அறிந்திருந்தனர். ஆதலால் 15ஆம் உறுப்பின் இரண்டாம் பகுதியில், மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் என்பவற்றை மட்டுமே காரணமாகக் காட்டி எந்தக் குடிமகனையும் கடைகளிலிருந்தும் உணவு விடுதிகளிலிருந்தும் பொதுக் கேளிக்கை இடங்களிலிருந்தும் விலக்கலாகாது என்று எழுதினர். அரசியல் சட்டத்தின் உரிமைகளுள் பெரும்பாலானவை அரசாங்கத்தின் கையைக் கட்டுவன. இந்த விதியோ தனியொருவரின் கடைக்குள்ளும் செல்கிறது. 'கடை' என்ற சொல்லில் சலவைக் கடையும் முடிதிருத்தும் நிலையமும் அடங்குமா என்று அரசியல் நிர்ணய சபையில் 1948 நவம்பரில் கேள்வி எழுந்தது. அச்சொல்லை விரிந்த பொருளிலேயே கொள்ள வேண்டும் என்று டாக்டர் அம்பேத்கர் விளக்கம் தந்தார். தீண்டாமையைக் குற்றமாக்கித் தண்டனை விதிக்கும் சட்டம் 1955இல் வந்தது.

சட்டம் எழுதிவிட்டால் வாசல் தானே திறந்துவிடுமா? திறப்பதில்லை. 2021 அக்டோபரில், மாமல்லபுரம் தலசயனப் பெருமாள் கோயில் அன்னதானத்தில் தம்மைப் பந்தியில் அமரவிடவில்லை என்று நரிக்குறவர் பெண் ஒருவர் கூறிய காணொளி நாடெங்கும் பரவியது. அறநிலையத் துறை அமைச்சர் சேகர்பாபு அக்கோயிலுக்கு வந்து அப்பெண்ணோடு ஒரே பந்தியில் அமர்ந்து உணவருந்தினார். நவம்பர் 4ஆம் நாள் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் அருகிலுள்ள பூஞ்சேரிக்கு வந்து நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டாக்கள் வழங்கினார். ஓர் இலையில் தொடங்கிய மானக் கேள்வி, மனைப்பட்டா வரையில் சென்றது.

இவ்வளவும் கேட்டபின், 'மனச்சான்று என்பதே வேற்றுமைக்குப் போர்த்திய போர்வைதானோ?' என்று நீங்கள் ஐயுறலாம். அவ்வாறு முடிவு கட்டுவது பெரும் பிழையாகும். மனச்சான்றைப் போற்றாத நாடு விரைவில் அடிமைகளின் நாடாகிவிடும்.

1985இல் கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த மூன்று குழந்தைகள், நாட்டுப் பண் பாடவில்லை என்பதற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டனர். பண் ஒலிக்கும்போது அவர்கள் மரியாதையோடு எழுந்து நின்றார்கள். பாட மட்டும் இல்லை. தம் கடவுளைத் தவிர வேறொன்றைப் பாடித் துதிக்கலாகாது என்பது அவர்கள் நம்பிக்கை. 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அவர்களை மீண்டும் பள்ளியில் சேர்க்கும்படி ஆணையிட்டது. பிறருக்குத் தீங்கு செய்யாமல் வாய்மூடி நின்ற மூன்று குழந்தைகளின் மனச்சான்றுக்கு, இவ்வளவு பெரிய நாடு இடங்கொடுத்தது.

மனச்சான்று வாசலை அடைப்பதும் உண்டு, திறப்பதும் உண்டு. செங்கற்பட்டை அடுத்த திருமணியில் இதற்குச் சான்று இருக்கிறது. தொழுநோய் கண்டவரை வீடும் வீதியும் விலக்கிய காலம் அது. 1898ஆம் ஆண்டுத் தொழுநோயாளர் சட்டம், அவர்கள் உணவுப் பொருள் விற்பதையும் வாடகை வண்டியில் ஏறுவதையும் தடுக்க அரசுக்கு அதிகாரம் தந்திருந்தது. அச்சட்டம் நீங்கியது 2016ஆம் ஆண்டில்தான் என்றால் நீங்கள் வியப்படைவீர்கள். அத்தகைய காலத்தில், 1924இல், திருமணியில் லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை தோன்றியது. ஸ்காட்லாந்துத் திருச்சபையின் பணியாளர்கள் அங்கே தொண்டு செய்தனர். 1955இல் இந்திய அரசு அதனை ஏற்று நடத்தத் தொடங்கியது. ஊரார் தொட அஞ்சிய கையைத் தொடும்படி அந்தக் கிறிஸ்தவர்களை ஏவியதும் மனச்சான்றே அன்றோ?

அப்படியானால் எல்லை எங்கே? இரண்டு வழக்குகளை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்போம்.

முதல் வழக்கு இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரையில் எழுந்தது. கிறிஸ்தவக் கணவனும் மனைவியும் தாங்கள் வாழ்ந்த இல்லத்திலேயே விடுதி நடத்தி வந்தனர். மணமானவர்களுக்கு மட்டுமே இரட்டைக் கட்டில் அறை என்பது அவர்கள் விதி. 2008இல் இரண்டு ஆடவர் வந்தனர். சட்டப்படி இணையராகப் பதிவு செய்துகொண்டவர்கள் அவர்கள். அறை மறுக்கப்பட்டது. 'மணமாகாத ஆணும் பெண்ணும் வந்தாலும் மறுத்திருப்போம். எங்கள் விதி எல்லாருக்கும் ஒன்றே' என்றனர் விடுதியார். ஆனால் அன்றைய இங்கிலாந்துச் சட்டப்படி இரண்டு ஆடவர் மணம் செய்துகொள்ளவே முடியாது. நிறைவேற்ற வழியே இல்லாத நிபந்தனை, மறுப்பின் மறுபெயரே ஆகும். 2013இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் விடுதியாருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

இரண்டாம் வழக்கு வட அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரத்தது. 2014இல் ஒருவர் ஒரு கடைக்குச் சென்று, ஒருபால் திருமணத்தை ஆதரிக்க வேண்டும் என்ற முழக்கத்தைப் பொறித்துக் கேக் செய்து தரச் சொன்னார். கடைக்காரர்களான கிறிஸ்தவக் குடும்பத்தார், அம்முழக்கத்தை எழுத மனமில்லை என்று பணத்தைத் திருப்பிக் கொடுத்தனர். 2018இல் உச்ச நீதிமன்றம் கடைக்காரர் பக்கமே தீர்ப்பளித்தது. அவர்கள் மறுத்தது வந்தவரை அன்று, வாசகத்தை. அவ்வாசகத்தை எவர் கேட்டிருப்பினும் மறுத்திருப்பார்கள் என்பது தீர்ப்பின் சாரம். இவ்விரு வழக்கிலும் முதன்மைத் தீர்ப்பை எழுதியவர் ஒரே நீதிபதி, ஹேல் பெருமாட்டி. விடுதியாரைத் தோற்கச் செய்த கையே கேக் கடைக்காரரை வெல்லச் செய்தது. இதில் முரண்பாடு இல்லை.

ஏன் இல்லை என்பதை மாமல்லபுரத்துச் சிற்பிகளைக் கொண்டு விளக்குகிறேன். ஐந்து ரதங்களுக்குச் செல்லும் தெருவில் உளியோசையைக் கேட்டுக்கொண்டே நடந்தால், ஒரு கூடத்தில் பிள்ளையாரும், அடுத்ததில் புத்தரும் உருவாவதைக் காண்கிறோம். சிவபக்தரான ஒரு சிற்பி, மாதா கோயிலுக்காக மரியாளின் உருவத்தைச் செதுக்கித் தருவதாக வைத்துக்கொள்வோம். அதனால் அவர் நெற்றியின் திருநீறு அழிந்துவிடுவதில்லை. வாங்குபவர் யார், அவர் யாரை வணங்குகிறார், யாரோடு வாழ்கிறார் என்பன அவர் கேட்க வேண்டிய கேள்விகள் அல்ல. ஆனால் அவர் வணங்கும் தெய்வத்தையே இழித்துரைக்கும் சொற்களைக் கல்லில் வெட்டித் தரும்படி ஒருவர் கேட்டால், 'உளியைக் கீழே வைத்துவிட்டேன், ஐயா' என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. கேட்பவர் அமைச்சராயினும் அண்டை வீட்டாராயினும் அவர் விடை ஒன்றே.

ஆகவே மறுக்க நினைக்கும் வணிகர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது: 'இந்த வேலையை யார் கேட்டாலும் மறுப்பேனா? அல்லது இவர் கேட்பதனால் மறுக்கிறேனா?' முன்னது மனச்சான்றாக இருக்கலாம். பின்னது வாசலை அடைப்பதே.

இந்த உரைகல் எல்லா இடத்திலும் எளிதில் பயன்படும் என்று நான் கூறமாட்டேன். மணவிழாக் கேக்கில் முழக்கம் எதுவும் இல்லை. ஆயினும் அதைச் செய்வதே அம்மணத்தை வாழ்த்துவதாகும் என்பார் உண்டு. அமெரிக்காவின் கொலராடோவில் எழுந்த அத்தகைய வழக்கில், 2018இல் உச்ச நீதிமன்றம், மாநில ஆணையம் கடைக்காரரின் சமயத்தை நடுநிலையோடு நோக்கவில்லை என்ற அளவில் அவருக்கு வெற்றி தந்தது. பெரிய கேள்வியைத் தீர்க்காமல் விட்டது. அறிவுடையோரும் இங்கே வேறுபடுகின்றனர். ஆயினும் எல்லைக்கோட்டில் ஐயம் இருப்பதால் இருபுறமும் உள்ள நிலம் ஒன்றாகிவிடாது. கடையில் இருக்கும் ரொட்டியையும் விடுதியில் காலியாக உள்ள அறையையும் மறுப்பதற்கு அந்த ஐயம் துணையாகாது.

'வேறு கடைக்குப் போகட்டுமே' என்று சிலர் எளிதாகச் சொல்வர். கிழக்குக் கடற்கரைச் சாலையில், மழை பெய்யும் இரவில், கைப்பையோடு நிற்பவரிடம் 'அடுத்த விடுதிக்குப் போங்கள்' என்று சொல்லிப் பாருங்கள். அவர் இழப்பது ஓர் அறையை மட்டுமன்று. அடுத்த வாசலிலும் இதே சொல் கிடைக்குமோ என்ற அச்சத்தை அவர் சுமந்து செல்கிறார். சிரட்டையில் தேநீர் பெற்றவரின் துயரும் தேநீரைப் பற்றியதன்று.

நம் நாட்டுச் சட்டம் இதில் எங்கே நிற்கிறது? 2018 செப்டம்பர் 6ஆம் நாள் உச்ச நீதிமன்றம், வயதுவந்தோர் இருவர் மனமொத்துக் கொள்ளும் தன்பால் உறவு குற்றமன்று என்று தீர்ப்பளித்தது. 'பால்' என்ற சொல்லினுள் பாலீர்ப்பும் அடங்கும் என்று அத்தீர்ப்பில் பொருள் காணப்பட்டது. 2019ஆம் ஆண்டுச் சட்டம் திருநங்கையர்க்கும் திருநம்பியர்க்கும் பொதுமக்களுக்குரிய பொருள்களையும் பணிகளையும் மறுப்பதை வெளிப்படையாகத் தடுக்கிறது. அவ்வாண்டே, கோயம்புத்தூரில் மணமாகாத இருவர் தங்கியதைக் காரணமாகக் காட்டி மூடப்பட்ட விடுதியின் வழக்கில், அவ்வாறு தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. 2023இல் உச்ச நீதிமன்றம் ஒருபால் திருமணத்திற்குச் சட்ட ஏற்பு அளிக்க மறுத்தது என்பதும் உண்மை. ஆனால் மணத்தை ஏற்பது வேறு. மனிதருக்குச் சோறிடுவது வேறு.

சமய உரிமையைத் தரும் 25ஆம் உறுப்பைப் படித்துப் பாருங்கள். மனச்சான்றின் சுதந்தரத்தை வழங்கும் அதே வாக்கியம், ஏனைய அடிப்படை உரிமைகளுக்கு அது கட்டுப்பட்டது என்றும் சொல்கிறது. என் மனச்சான்று என்னை ஆளலாம். என் வாசலில் நிற்பவரின் மானத்தை ஆளலாகாது.

மனச்சான்று வளரக் கூடியது என்பதையும் சொல்லி முடிக்கிறேன். 2021இல், பெற்றோருக்கு அஞ்சிச் சென்னைக்கு வந்த இரு பெண்களின் வழக்கு உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் முன் வந்தது. இப்பொருளில் தமக்குத் தெளிவு போதவில்லை என்று அவர் வெளிப்படையாகக் கூறி, உளவியல் அறிஞர் ஒருவரிடம் அமர்ந்து கற்றுக்கொண்ட பின்னரே ஆணை பிறப்பித்தார். தீர்ப்புச் சொல்லும் இடத்தில் இருந்தவர் மாணவராக அமர்ந்தார்.

மாணவர்களே, நாளை உங்களுள் பலர் கடை நடத்துவீர்கள், விடுதி நடத்துவீர்கள், மருந்து விற்பீர்கள். உங்கள் நம்பிக்கையை விட்டுவிடும்படி நான் சொல்லவில்லை. அதை நெஞ்சில் உறுதியாக வைத்திருங்கள். கல்லாப்பெட்டிக்கு முன் ஒருவர் வந்து நிற்கும்போது, அவருக்கு வேண்டுவது என்ன என்று முதலில் கேளுங்கள்.