பழைய கணினியில் புதிய மொழி

பெங்களூரில் அல்சூர் ஏரியை அடுத்து வாழும் தமிழ் முதியவர் ஒருவர், கன்னடச் சொற்களையும் அவற்றுக்கு நேரான தமிழ்ச் சொற்களையும் 15 ஆண்டுகளாகத் தொகுத்து வருகிறார். அவை அனைத்தும், சதர் பத்திரப்பா சாலையில் பழைய விலைக்கு வாங்கிய ஒரு கணினியில் உள்ளன. அதன் இயங்குதளம் சென்ட்ஓஎஸ் 7. அவருடைய கையேடுகளைப் படமெடுக்கும் கருவி அத்தளத்தோடு மட்டுமே இசைந்து செல்வதால், அதனை மாற்ற அவர் ஒருப்படவில்லை.

சொற்களை அகர வரிசைப்படுத்த வேண்டும். கணினி தன் எழுத்தெண்களைக் கொண்டு வரிசைப்படுத்தினால் ‘அன்பு’ முன்னும் ‘அப்பா’ பின்னும் வந்துவிடும். ஒருங்குறியில் னகரத்தைப் பகரத்துக்கு முன்னர் வைத்துவிட்டார்கள். இதனைத் திருத்தவல்ல நிரல் ஒன்றை அண்டை வீட்டு இளைஞர் பைத்தான் மொழியில் எழுதித் தந்தார். பைத்தான் இந்நகருக்குப் புதிதன்று. அம்மொழி ஆர்வலர்களின் முதல் அகில இந்திய மாநாடு 2009-ஆம் ஆண்டில் இங்குள்ள இந்திய அறிவியற் கழகத்திலேயே கூடிற்று. ஆயின் இளைஞரின் நிரலுக்கு, 2021 அக்டோபரில் வெளிவந்த 3.10 பதிப்பு வேண்டும். கணினியில் இருந்ததோ 2.7.

கலைப்பட்டம் பெற்று மொழிபெயர்ப்பில் காலங்கழிக்கும் எமக்கு இது புதுத் துறை. எம் வீட்டுப் புதிய கணினியில் ஆக்கி எடுத்துச் செல்லலாமே என்று எண்ணினோம். அது செல்லாது. புதிய தளத்தில் ஆக்கியது, அத்தளத்தின் அடிப்படை நிரலகமான ஜிலிப்சியின் புதிய பதிப்பை நாடும். சென்ட்ஓஎஸ் 7-இல் உள்ளது 2.17. பழையதில் ஆக்கியது புதியதில் பெரும்பாலும் ஓடும்; புதியதில் ஆக்கியது பழையதில் ஓடுவது அரிது. ஆகவே மூல நிரலைக் கொணர்ந்து அவ்விடத்திலேயே ஆக்கத் துணிந்தோம்.

முதலில் ‘கான்ஃபிகர்’ என்னும் கட்டளையை ஏவ வேண்டும். கலியாண வீட்டுக்கு வந்த சமையற்காரர், அண்டா உண்டா, கரண்டி உண்டா, விறகு காய்ந்ததா என்று கேட்டுக் குறித்துக்கொள்வதைப் போன்றது இது. சி மொழித் தொகுப்பி உண்டா, இன்னின்ன நிரலகங்களின் தலைப்புக் கோப்புகள் உண்டா என்று வினவி, ஆக்கும் முறையை ஓர் ஏட்டில் எழுதி வைக்கும். இல்லாதவற்றை நாம் தேடிச் சேர்த்தல் வேண்டும். 2024 ஜூன் 30-ஆம் நாளோடு சென்ட்ஓஎஸ் 7-க்கு ஆதரவு முடிந்துவிட்டமையால், பொதிகளைப் பழைய முகவரியில் பெற இயலாமல், காப்பகத்து முகவரியைக் குறித்துக் கொடுத்தோம்.

பின்னர் ‘மேக்’ என ஏவினோம். ஆக்கம் முடிந்தது, மகிழ்ந்தோம். அம்மகிழ்ச்சி சற்று அவசரமானது! இறுதி வரிகளில், எஸ்எஸ்எல் கூறு ஆக்கப்படவில்லை என்ற செய்தி இருந்ததை நாம் படிக்கவில்லை. பைத்தான் 3.10, ஓபன்எஸ்எஸ்எல் 1.1.1-க்குக் குறைந்ததை ஏற்பதில்லை. அத்தளத்தில் இருந்தது 1.0.2. அக்கூறின்றி, இளைஞரின் நிரல் வேண்டும் ‘ஓப்பன் தமிழ்’ நிரலகத்தை இணையத்தினின்று பெறுதல் கூடாது. ஓபன்எஸ்எஸ்எல் 1.1.1-ஐ வேறோர் அடைவில் தனியே ஆக்கினோம். தளம் தன் பழையதையே பயன்படுத்திக் கொள்ளட்டும் என்பது கருத்து. அவ்விடத்தை ‘வித்-ஓபன்எஸ்எஸ்எல்’ என்ற குறிப்பாலும், ஓடுங்காலத்தும் அங்கேயே தேடுமாறு ‘வித்-ஓபன்எஸ்எஸ்எல்-ஆர்பாத்’ என்ற குறிப்பாலும் அறிவித்து, மீண்டும் தொடங்கினோம்.

நிறுவும்பொழுது ஓர் எச்சரிக்கை. பழைய 2.7-ஐ அகற்றிப் புதியதை அவ்விடத்தில் வைத்தல் ஆகாது; பொதிகளை நிறுவும் ‘யம்’ என்னும் கருவி அதனை நம்பியே வாழ்கிறது. ‘மேக் ஆல்ட்இன்ஸ்டால்’ என்று ஏவினால், புதியது தன் பதிப்பெண் தாங்கிய பெயரோடு அருகே அமரும், பழையதைத் தொடாது.

மூன்றாம் நாள் மாலை நிரல் ஓடிற்று. முதியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதற் பக்கத்தைப் பார்த்தார். ‘அப்பா’ முன்னும் ‘அன்பு’ பின்னும் இருந்தன.

நாம் சேர்த்த ஓபன்எஸ்எஸ்எல் 1.1.1-க்கும் 2023 செப்டம்பரிலேயே பொது ஆதரவு முடிந்துவிட்டது. ஆகவே வேண்டியவற்றைப் பெற்றதும் இணைய இணைப்பைக் கழற்றிவிட்டு, சொற்கோவையைப் படியெடுத்து இளைஞரிடம் ஒன்றும் எம்மிடம் ஒன்றுமாக வைத்தோம். இப்பொழுது மகர வரிசையை முதியவர் சரிபார்த்து வருகிறார்.