உடம்புக்குள் ஓர் அதிர்வு

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் சகோதர சகோதரிகளே!

படுத்தால் உடம்புக்குள் செல்போன் அதிர்வதுபோல ஒரு நடுக்கம். வெளியே கை அசைவதில்லை. கூடவே பாதத்தில் எரிச்சல், மதமதப்பு. "எல்லாம் மனப்பிரமை" என்று வீட்டார் சொல்லிவிட, பலர் வாய் திறப்பதில்லை. நாம் அப்படித் தள்ளிவிடக் கூடாது.

தைராய்டு மிகுதி, சர்க்கரை இறங்குதல், ஆஸ்துமாவுக்கு எடுக்கும் சால்பூட்டமால், தூக்கக்குறைவு, கவலை என்று காரணம் பல இருக்கலாம். நடுக்குவாதத்திலும் வரும். நாம் மறந்துவிடுவது வைட்டமின் பி12. "கறியும் மீனும் சாப்பிடுகிற நமக்கா குறையும்?" என்கிறோம். ஆண்டுக்கணக்கில் மெட்ஃபார்மின் எடுத்தால், சாப்பிட்டதிலுள்ள பி12 உடம்பில் சேர்வது குறையும். பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022இல் இதை எச்சரித்தது. அல்சருக்கென்று வருடக்கணக்கில் போடும் ஒமிப்ரசோலும் அப்படித்தான். (பால்கோவாவிலும் பி12 உண்டு, சர்க்கரைக்காரர்களுக்கு அந்த வழி வேண்டாம்!)

2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. அதை நாமாக நிறுத்த வேண்டாம். பி12, தைராய்டு பரிசோதனை வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்போம். பி12 பார்க்காமல் ஃபோலிக் அமிலம் மட்டும் போட்டால் இரத்தசோகை சரியாகும். நரம்புச் சேதமோ உள்ளே தொடரும்.

முகம் ஒருபக்கம் கோணினாலோ பேச்சு குழறினாலோ பரிசோதனைக்கெல்லாம் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள்.